மணலில் புதைந்தால், ஆள் விடுபட்டால்: லாரிப் பயணக் கேள்வி பதில்

நைரோபியில் ஏறி கேப் டவுனில் இறங்கும் வரை இருபது பேர் ஒரே லாரியில், கூடாரத்தில் தூங்கி, தாங்களே சமைத்து, வாரக்கணக்கில் போகும் பயணங்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு முறை பயணியாகவும் இரண்டு முறை ஓட்டுநரின் உதவியாளாகவும் போன அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

லாரி மணலில் புதைந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளினால் போதுமா?

தள்ளுவது கடைசி வேலை. முதலில் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டால் அரை மணி நேர வேலை அரை நாள் ஆகிவிடும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலும் அச்சுக்கு அடியிலும் மணலை வாரி, சரிவாக ஒரு வழி அமையுங்கள். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் அது தரையில் நீளமாகப் படர்ந்து பாரத்தைப் பரப்பும். அப்புறம் ஓட்டை போட்ட இரும்புத் தட்டுகளைச் சக்கரத்தடியில் செருகி மெதுவாக எடுக்க வேண்டும். அப்போது தட்டுக்கு நேர் பின்னால் யாரும் நிற்கவே கூடாது, சக்கரம் வழுக்கினால் தட்டு பறந்து வரும். வேறு வண்டி கட்டி இழுத்தால் கயிற்றின் பக்கமே போகாதீர்கள். அறுந்த கயிறு ஆளை அடித்துப் போட்டுவிடும்.

வண்டி நகர்ந்துவிட்டால் கெட்டித் தரை வரும்வரை ஓட்டுநர் நிறுத்த மாட்டார். தட்டைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடக்க வேண்டியதுதான். நல்ல சாலை வந்ததும் மறுபடி காற்றுப் பிடிக்காமல் வேகமெடுக்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும்.

மணல் பரவாயில்லை என்று நினைக்க வைத்தது போட்ஸ்வானாவின் மக்காடிக்காடி உப்புவெளி. மேலே வெள்ளையாகக் காய்ந்த ஓடு, அடியில் சேறு. பழைய சக்கரத் தடத்தை விட்டுச் சற்றே விலகினோம், குறுக்கே போனால் ஒரு மணி நேரம் மிச்சம் என்று. பின்சக்கரம் இரண்டும் பொசுக்கென்று இறங்கின. வெளியே வர ஒன்றரை நாள் ஆனது. தோண்டும் குழியில் உடனே சேறு வந்து நிரம்பும். கடைசியில் விறகு, கூடாரத் தரைவிரிப்பு, சமையல் மேசையின் பலகை என்று எல்லாவற்றையும் அடியில் போட்டு, அங்குலம் அங்குலமாக ஜாக்கியில் தூக்கினோம். அன்றைக்கு முறை வைத்துத் தோண்டியவர்களும், மண்வெட்டி பிடிக்க முடியாமல் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடியே நின்ற ஒரு பெரியவரும்தான் இன்றும் எனக்கு நெருங்கியவர்கள். ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இவ்வளவும். நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் இப்படி அவசரத்தில் வந்தவை.

வழியில் ஆளை விட்டுவிட்டு வண்டி போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒதுங்குவதற்காக நிறுத்திய இடத்தில் எங்கள் குழுவில் ஒருவரை விட்டுவிட்டோம். பின் இருக்கையில் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம், தெரிய நாற்பது நிமிடம் ஆனது. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பதில் பயனில்லை, வராதவர் எப்படிப் பதில் சொல்வார்? ஆளுக்கொரு எண் கொடுத்து, வரிசையாகச் சொல்ல வைத்து எண்ண வேண்டும். ஒருவேளை நீங்கள் விடுபட்டால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். வண்டி திரும்பி அங்கேதான் வரும். பாஸ்போர்ட், தண்ணீர், டார்ச் மூன்றும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும்.

நடுக்காட்டில் வண்டி பழுதானால் எத்தனை நாள் மாட்டிக்கொள்வோம்?

பழுதைப் பொறுத்தது. கென்யாவில் இசியோலோவிலிருந்து எத்தியோப்பிய எல்லையான மொயாலே வரை சுமார் 500 கிலோமீட்டர். இன்று தார்ச்சாலை. நான் போனபோது அலை அலையாக வரிவிழுந்த மண்பாதை. அந்த அதிர்வில் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. மரக்கட்டையை அண்டக் கொடுத்துச் சங்கிலியால் கட்டி, நடைவேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக ஊர்ந்து மறுநாள் ஊர் சேர்ந்தோம். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் வடிகட்டியில் வடித்து, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநரைச் சுற்றி நின்று யோசனை சொல்லாதீர்கள். நிழல் கட்டுங்கள், தண்ணீரை அளந்து வையுங்கள், அடுப்பைப் பற்ற வையுங்கள்.

இரவில் கூடாரத்துக்குள் விலங்கு வருமா?

உணவு வைத்திருந்தால் வரும். பழமோ பிஸ்கட்டோ, ஒன்றும் கூடாரத்துக்குள் வேண்டாம். பபூன் குரங்கு துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே நுழையும். வெளியே விட்ட செருப்பைக் கழுதைப்புலி தூக்கிப் போய்விடும். ஆற்றங்கரையில் நீர்யானை ஏறிவரும் தடத்தில் கூடாரம் போடாதீர்கள், இரவில் அது மேய வெளியே வரும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். ஆளைக் கடிக்கும் செட்சி ஈ அதிகமுள்ள இடங்களில் கருநீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், அந்த நிறங்கள் அதை இழுக்கும்.

என் அம்மாவுக்கு 61 வயது, ஆசைப்படுகிறார். உடம்பு தாங்குமா?

வயது தடையில்லை. உயரமான படியில் ஏறி இறங்கவும், தரையில் படுத்து எழவும் முடிகிறதா என்று வீட்டிலேயே ஒரு வாரம் பழக்கிப் பாருங்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். பயணத்தில் மட்டுமில்லை, திரும்பிப் பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். "களைப்பாக இருக்கும்" என்று இரண்டு நாள் தள்ளிப்போட்ட ஒருவரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்தார். மலாவி ஏரியில் குளித்தால் நத்தை மூலம் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் ஒட்டலாம். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் மாத்திரையில் தீரும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுள் முழுதுக்கும் போதும்.

குழுவுக்குள் சண்டை வருமா?

வரும். பெரும்பாலும் ஜன்னல் இருக்கைக்கும் பாத்திரம் கழுவுவதற்கும். இருக்கையைத் தினமும் மாற்றுங்கள், பொதுப்பணக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள்.

எல்லைகளில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?

முன்பு சாம்பியா–போட்ஸ்வானா எல்லையில் சாம்பேசி ஆற்றைக் கடக்க மிதவைப் படகுதான், சரக்கு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். 2021 மே மாதம் 923 மீட்டர் நீளமுள்ள கசுங்குலா பாலம் திறந்தது. இப்போது தாமதம் என்றால் பெரும்பாலும் காகிதத்தால்தான். வண்டியின் சுங்க ஏடான கார்னேயில் வெளியேறும் முத்திரை விழாவிட்டால், கட்டிய பிணைத்தொகையே சிக்கலாகும். அதனால் ஓட்டுநர் ஜன்னலில் நின்று ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்க்கும்போது வெளியே ஹார்ன் அடித்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.