தோற்றதும் எனக்கு நிம்மதிதான் வந்தது

கடிதம்:

வணக்கம். எனக்கு வயது 33, ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கல்லூரி நாளிலிருந்தே ஆசை வேறு: குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைய வேண்டும். வரையவும் செய்கிறேன். எப்படி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பக்கம் டிவி ஓடும், மடியில் போன் இருக்கும், உருவம் ஓரளவு வந்து கைவிரல்கள் போட வேண்டிய இடம் வந்ததும் தாளைத் திருப்பி அடுத்த படத்தை ஆரம்பித்துவிடுவேன். நோட்டு முழுக்கக் கை இல்லாத மனிதர்கள். யாராவது எடுத்துப் பார்த்தால் "சும்மா, பொழுது போகாமல் கிறுக்கினது" என்று பிடுங்கிக்கொள்வேன்.

சமீபத்தில் ஒரு பதிப்பகம் புது ஓவியர்களிடம் மாதிரிப் படங்கள் கேட்டிருந்தது. அவகாசம் தாராளமாக இருந்தும், கடைசி நாள் ராத்திரிதான் உட்கார்ந்து ஏதோ செய்து அனுப்பினேன். தேர்வாகவில்லை. அழுகை வரவில்லை. 'ஒழுங்காகச் செய்திருந்தால் கண்டிப்பாகக் கிடைத்திருக்கும்' என்று ஒரு நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதிதான் இப்போது உறுத்துகிறது. இதற்கு முன்னால் கிட்டார், ஒரு மொழி வகுப்பு என்று எல்லாம் இப்படித்தான் பாதியில் நின்றது. கணவர் "உனக்கு எதிலும் நிலையே கிடையாது" என்கிறார். அக்கா "வேலையை விட்டுட்டு முழுசா இறங்கு, அப்பதான் வரும்" என்கிறாள். விட்டுவிடட்டுமா?

- பெயர் வேண்டாம்

பதில்:

வேலையை விடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, சந்தோஷம். ஆனால் முழுதாக இறங்குவது என்றாலே கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவது என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது, கேட்க வீரமாக இருக்கும், அவ்வளவுதான். சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றி 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொடங்கி அப்புறம் முழுநேரமாக மாறியவர்களுக்கு, எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டவர்களைவிடத் தொழில் கைவிட்டுப்போகும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதோடு, வேலையை விட்டுவிட்டு வந்தாலும் அதே டிவி ஓடும், அதே விரல்களுக்கு முன்னால் தாளைத் திருப்புவீர்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்த நிம்மதி பற்றியது. 1978-இல் எட்வர்ட் ஜோன்ஸ், ஸ்டீவன் பெர்க்லாஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு தேர்வு வைத்தார்கள். சிலருக்கு விடையே காண முடியாத கேள்விகள். ஆனாலும் 'பிரமாதமாகச் செய்தீர்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஒன்று மூளையைச் சுறுசுறுப்பாக்கும், இன்னொன்று மந்தமாக்கும் என்று சொல்லி. முதல் வெற்றி எப்படி வந்தது என்று தெரியாதவர்கள் மந்தமாக்கும் மருந்தை நோக்கிப் போனார்கள். தோற்றால் மருந்தின் மேல் போட்டுவிடலாம் அல்லவா? அந்த ஆய்வில் இது முக்கியமாக ஆண்களிடம்தான் தெரிந்தது. எனக்கு வரும் கடிதங்களில் அப்படி ஒரு வித்தியாசமும் காணோம். உங்கள் மருந்து, கடைசி நாள் ராத்திரி.

இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசை குறைவாக இருப்பதால் அரைகுறையாகச் செய்வது ஒன்று. ஆசை அதிகமாக இருப்பதால் அரைகுறையாகச் செய்வது வேறு. உங்களுடையது இரண்டாவது. 'எனக்கு வரையத் தெரியும், நான்தான் செய்யவில்லை' என்ற நினைப்பை எதுவும் தொட்டுவிடாமல் காப்பாற்றி வருகிறீர்கள். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, எதையும் கற்றுக்கொள்ள முடியாமல் போவது. ஒரே ராத்திரியில் செய்த படத்தை ஒருவர் வேண்டாம் என்றால் அதிலிருந்து உங்களுக்குத் தெரியவருவது பூஜ்யம். வண்ணம் சரியில்லையா, முகபாவம் சரியில்லையா, இல்லை அவர்கள் தேடியதே வேறு பாணியா? தெரியாது. முழு மூச்சாகச் செய்த படத்தை வேண்டாம் என்றால் வலிக்கும், ரொம்பவே வலிக்கும், அதை மறைத்து உங்களை நான் இதில் இறக்கிவிடப் போவதில்லை, ஆனால் மறுநாள் காலையில் திருத்துவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.

இன்னொன்று. டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்படம் எடுக்கக் கற்றவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தது, சிலருக்கு இல்லை. மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்துப்போனது. 'சும்மா கிறுக்கினது' என்று சொல்லும்போது நீங்களும் அந்த மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரே ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டுப் பத்துப் படத்துக்கு மேல் போகாதது. அது முடியும்வரை வேறு எதையும் தொடங்கக் கூடாது. வாரத்தில் இரண்டு மாலை, தலா ஒன்றரை மணி நேரம் போதும். டிவி கிடையாது, போன் வேறு அறையில். விரல்கள் அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, போட்டே தீர வேண்டும், அவற்றைப் போட்டு முடிக்காமல் தாளைத் திருப்பக் கூடாது, ஏனென்றால் நீங்கள் ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடுகிற இடம் அதுதான். முடிந்ததும் இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். காட்டும்போது முன்னுரை வேண்டாம்.

கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம். தொட்டதை எல்லாம் கடைசிவரை செய்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, நன்றாக முயன்று பார்த்துவிட்டு இது எனக்கானது இல்லை என்று விடுவதும் தெளிவான முடிவுதான். இந்தக் கதை முடிந்த பிறகு ஓவியம்கூட உங்களுக்கு அப்படித் தோன்றலாம். தோன்றினால் விட்டுவிடலாம்.

கணவரிடம் இப்போதைக்கு எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள். 'நிலை இல்லை' என்ற பேச்சுக்குப் பதிலும் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு மாலை வீட்டு வேலையை அவர் பார்த்துக்கொள்ளட்டும், கதவைத் தட்டாமல் இருக்கட்டும். அதை மட்டும் கேளுங்கள். எந்தக் கிழமை என்று இன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.