டெர்மினல் நிறம் காட்டுமா என்று நிரல் எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: என் கட்டளைவரி நிரலின் வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் ‘[31m’ போன்ற குப்பை எழுத்துகள் வருகின்றன. டெர்மினல் நிறத்தை ஏற்குமா என்று எப்படிக் கண்டறிவது?

நிறம் தெரியுமா என்பதற்கு முன், அங்கே டெர்மினல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சிக்கல் அதுதான். யூனிக்ஸ் வகை கணினிகளில் ‘இஸ்-ஏ-டிடிஒய்’ (isatty) என்ற செயற்கூறு இதைச் சொல்லிவிடும். வெளியீடு கோப்புக்கோ பைப்புக்கோ (வேறொரு நிரலுக்கோ) போனால் ‘[31m’ போன்ற நிறக் குறியீடுகளை அனுப்பாதீர்கள். ஸ்டாண்டர்டு அவுட்புட் (வழக்கமான வெளியீடு), ஸ்டாண்டர்டு எரர் (பிழைச் செய்திகள்) இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று கோப்புக்கும் மற்றொன்று திரைக்கும் போகலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ‘டெர்ம்’ (TERM) என்ற சூழல் மாறி; டெர்மினல் வகையின் பெயர் இதில் இருக்கும். அதன் மதிப்பு ‘டம்’ (dumb) என்றால் நிறம் வேண்டாம். மற்றபடி, டெர்மினல்களின் திறன்களைப் பட்டியலிடும் டெர்ம்இன்ஃபோ தரவுத்தளத்தில் அந்தப் பெயருக்கு எத்தனை நிறங்கள் என்று பார்க்கலாம்: பெரும்பாலும் 8 அல்லது 256. ஷெல்லில் ‘டிபுட் கலர்ஸ்’ (tput colors) கட்டளை இதையே காட்டும்.

24 பிட் நிறம்தான் (சுமார் 1.67 கோடி நிறங்கள்) கொஞ்சம் வம்பு. ‘கலர்டெர்ம்’ (COLORTERM) மாறியில் ‘ட்ரூகலர்’ (truecolor) அல்லது ‘24பிட்’ (24bit) இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் ஆதரவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எஸ்எஸ்ஹெச் வழியே வேறொரு கணினிக்குப் போகும்போது இந்த மாறி பெரும்பாலும் மறுமுனைக்குப் போய்ச் சேராது. அப்போது 256 நிறங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன்.

சரி, பயனர் நிறமே வேண்டாம் என்றால்? ‘நோ_கலர்’ (NO_COLOR) மாறியில் வெற்று அல்லாத ஏதாவது மதிப்பு இருந்தால் நிறத்தை அணைத்துவிடுங்கள். ஆனால் கட்டளையிலேயே ‘--கலர்=ஆல்வேஸ்’ (--color=always) என்று கேட்டிருந்தால், மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் தாண்டி அதற்கே முதலிடம்.