ஒரே வண்டியில் ஆபீஸும் டிராக்கும்: வாசகர் கேள்வி பதில்

அண்ணே, என்னிடம் இருப்பது பழைய மாடல் கே.டி.எம். ஆர்.சி. 390. தினமும் ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அடுத்த சீசனில் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் ரேஸ் (drag race, கால் மைல் தூரம் நேராக ஓடும் பந்தயம்) ஓட ஆசை. கையில் 50 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. ஃபுல் சிஸ்டம் சைலன்சர், இன்ஜினின் பெட்ரோல் கணக்கை மாற்றும் ஈ.சி.யூ. ரீமேப், நீட்டிய ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை), இந்த மூன்றையும் போட்டால் போதும் என்கிறார் நண்பர். எதில் தொடங்கலாம்?
– ஓசூர் வாசகர்

மூன்றிலும் தொடங்க வேண்டாம் தம்பி. பணத்தை அப்படியே வைத்திருங்கள், முதலில் வண்டியைக் குனிந்து பாருங்கள். தினமும் ஹைவேயில் அடிபடும் வண்டி. பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும், செயின் தொங்கும், கிளட்ச் பிளேட்டுக்கு எத்தனை வயது என்று உங்களுக்கே தெரியாது. இந்த நிலையில் மூன்று குதிரைசக்தியைக் கூட்டி என்ன செய்யப்போகிறீர்கள்? டிராக்கில் கால் மைல் என்பது 402 மீட்டர். அதில் முதல் 60 அடி, அதாவது பதினெட்டு மீட்டர்தான் உங்கள் தலையெழுத்து. அங்கே இழந்த நேரத்தைக் கடைசி 300 மீட்டரில் உங்கள் 43 குதிரைசக்தி திருப்பித் தந்துவிடாது. ஆகவே நல்ல பின் டயர், புது செயின் செட், புது கிளட்ச் பிளேட்டும் ஸ்ப்ரிங்கும், அப்புறம் பிரேக். 150 கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைத் தாண்டிய பிறகு வண்டியை நிறுத்தியாக வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முன் பிரேக்குக்கு நல்ல பேடும் புது டாட் 4 ஆயிலும் போடுங்கள். இதற்கெல்லாம் பாதிப் பணம் போய்விடும். போகட்டும், இவை ரோட்டிலும் வேலை செய்யும்.

அடுத்தது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். இருப்பதிலேயே மலிவான, உடனே கையில் தெரியும் மாற்றம் அதுதான். உங்கள் வண்டியில் முன்னால் 15 பல், பின்னால் 45 பல், பின்னதை முன்னதால் வகுத்தால் சரியாக 3. முன்னால் 14 போட்டால் 3.21. ஏழு சதவீதம் இழுவை கூடும். பின்னால் 48 போட்டாலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், ஆனால் செயின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் சிறிசானால் செயின் இன்னும் கூர்மையாக மடங்கி ஓடும், சீக்கிரம் தேயும், ஸ்விங் ஆர்மின் மேலிருக்கும் ரப்பரையும் அறுக்கும். அதனால் டிராக்குக்கு மட்டும் 14, ரோட்டுக்குத் திரும்பினதும் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. இதில் ஒரு பொறி உண்டு. இழுவை கூடக்கூட ஒவ்வொரு கியரும் சீக்கிரம் முடிந்துவிடும். இப்போது ஐந்தாவது கியரின் கடைசியில் கோட்டைத் தாண்டுகிறீர்கள் என்றால், 14 போட்டதும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆறாவது போட வேண்டி வரும். அந்த ஒரு கியர் மாற்றம், தொடக்கத்தில் சம்பாதித்ததைத் தின்றுவிடலாம். முதலில் கம்பெனி கொடுத்த ஸ்டாக் பல்லிலேயே இரண்டு மூன்று ரன் ஓட்டி, எந்தக் கியரில் எத்தனை ஆர்.பி.எம்.மில் முடிக்கிறீர்கள் என்று குறித்துவிட்டு அப்புறம் பல்லைத் தொடுங்கள்.

சைலன்சரும் ரீமேப்பும் தனித்தனி விஷயமல்ல. காற்று வெளியேறும் வழியையும் உள்ளே வரும் வழியையும் திறந்துவிட்டு, பெட்ரோல் கணக்கை மட்டும் பழையபடி விட்டால், முழு த்ராட்டிலில் கலவை பெட்ரோல் குறைந்து ஓடும், சூடேறும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சுத்தமாக எரிவதற்கான பள்ளிக்கூடக் கணக்கு. முழு இழுப்பில் 13-ஐ ஒட்டி இருந்தால்தான் இன்ஜின் சந்தோஷமாக இருக்கும். இதை, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி, கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டிப் பார்த்துச் செய்கிறவரிடம் போங்கள். லேப்டாப்பைச் சொருகி ஐந்து நிமிடத்தில் "முடிஞ்சது சார்" என்று சொல்கிறவர் உங்களுக்கு விற்பது ஏதோ ஒரு வண்டியின் மேப். நன்றாகச் செய்தால்கூட ஒரு சிலிண்டர் இன்ஜினில் சில குதிரைசக்திதான் கூடும். உண்மையான லாபம் எடையில். வண்டி சுமார் 170 கிலோ, நீங்களும் ஹெல்மெட்டும் சூட்டும் சேர்ந்து 75 கிலோ என்றால், பத்து கிலோ குறைப்பது மொத்தத்தில் நாலு சதவீதம். பின் சீட், பின் ஃபுட்ரெஸ்ட், கண்ணாடி, சாரி கார்டு, நம்பர் பிளேட் பிராக்கெட், டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல், எல்லாம் டிராக்கில் மட்டும் கழற்றக் கூடியவை. செலவே இல்லை. (சாயங்காலம் பஜ்ஜியைக் குறைப்பதும் இந்தக் கணக்கில் சேரும், நான் இன்னும் தொடங்கவில்லை.)

ஸ்விங் ஆர்மை நீட்டுவது, மன்னிக்கவும், ஹயபூசாவுக்குக் கொடுக்கும் வைத்தியத்தை உங்கள் வண்டிக்குக் கொடுப்பது. 1,340 சிசி வண்டியில் சக்தி பிரச்சினை இல்லை, முன் சக்கரம் எழும்புவதுதான் பிரச்சினை. எடையின் மையம் பின் அச்சிலிருந்து எவ்வளவு முன்னால், தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் கிளம்பலாம், அதைத் தாண்டினால் முன் சக்கரம் மேலே போய்விடும். அதற்காகத்தான் நீட்டுகிறார்கள், தாழ்த்துகிறார்கள், முன் ஃபோர்க்கைப் பட்டை போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். 390-க்கு, சீட்டில் முன்னால் நகர்ந்து டேங்கின் மேல் நெஞ்சைப் படுக்க வைத்துக் கிளட்ச்சைப் பழகி விட்டாலே போதும். நீட்டினால் ரோட்டில் யூ-டர்ன் போடும்போது லாரி ஓட்டுவது போல இருக்கும், வளைவில் வண்டி சொன்னபடி படுக்காது. சட்டமும் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எனவே நான் சொல்லும் ஒரே அளவுகோல் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஸ்பேனரால் திருப்பி மாட்ட முடியாத எதையும் தினமும் ஓட்டும் வண்டியில் செய்யாதீர்கள். வெல்டிங் பக்கமே போகாதீர்கள்.

இன்னும் இரண்டு சங்கதி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்றழுத்தம் பத்து சதவீதம் குறைவு. இருங்காட்டுக்கோட்டைக்கு இறங்கியதும் வண்டி திடீரென்று நன்றாக மூச்சு விடும், சென்னை வெயில் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஊரில் பழகிய கிளட்ச் விடும் இடம் அங்கே அப்படியே ஒத்துவராது. இரண்டாவது, வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், நண்பர்கள் சேர்ந்து ஒரு குட்டி யானையைப் பிடியுங்கள். ரன்னுக்காகப் பின்பக்க டயரில் காற்றைக் குறைத்திருப்பீர்கள், களைத்திருப்பீர்கள், கிளட்ச் தீய்ந்திருக்கலாம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் சேராது என்பதையும் ஞாபகம் வையுங்கள், டிராக்கில் விழுந்தால் செலவு உங்களுடையது. மீதிப் பணம் எங்கே போக வேண்டும் என்று இப்போது புரிந்திருக்கும். லெதர் சூட், பூட்ஸ், க்ளவுஸ், போட்டி லைசென்ஸ், நுழைவுக் கட்டணம்.

சார், ஆர்15 வி3 வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நள்ளிரவு ஓ.எம்.ஆரில் பசங்க ஓட்டுவோம். ஒரு டியூக் 250 என்னைத் தொடர்ந்து அடிக்கிறது. ஜெயிக்க ஒரு ட்ரிக் சொல்லுங்க.
– பெயர் வேண்டாம், தாம்பரம்

பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதியதிலிருந்து விஷயம் உங்களுக்கும் தெரியும் என்று புரிகிறது. பொது ரோட்டில் பந்தயம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவில் வருகிறது: முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை ஒரு வருடம், 10,000. அதை விடுங்கள். இருட்டில் மாடு குறுக்கே வரும், டேங்கர் லாரி லைட் இல்லாமல் நிற்கும், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுக்கவில்லை. ரோட்டுக்கு ட்ரிக் சொல்ல மாட்டேன்.

டிராக்குக்கு வந்தால் சொல்கிறேன். அங்கே சிசி வாரியாகத்தான் வகுப்பு, உங்களை 250-யோடு மோத விடமாட்டார்கள். உங்கள் இன்ஜினில் வால்வு மாறும் வி.வி.ஏ. 7,400 ஆர்.பி.எம்.மில் விழித்துக்கொள்ளும். கியர் மாற்றியதும் ஆர்.பி.எம். அதற்குக் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வித்தையும். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போதுதான் அதிகம் விழும், அந்த ஒன்றை மட்டும், இன்ஜினை அதற்கு மேல் சுற்ற விடாத லிமிட்டர் தட்டும் வரை இழுத்து மாற்றுங்கள்.

என் மகன் அவன் வண்டிக்கு வேறு சைலன்சர் மாட்டியிருக்கிறான். தெருவே திட்டுகிறது. கேட்டால் பிக்-அப்பும் மைலேஜும் கூடும் என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், திருச்சி

சத்தம் கூடும் அம்மா, அது மட்டும் உறுதி. ரீமேப் இல்லாமல் வெறும் சைலன்சரை மாற்றினால் கீழ் வேகத்தில் இழுவை குறைவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பையன் சத்தத்தைக் கேட்டு வேகம் என்று நினைத்துக்கொள்கிறான், ஆசையாக இன்னும் கொஞ்சம் முறுக்குவதால் மைலேஜும் இறங்கும். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதித்த ஒலி அளவே 80 டெசிபல்தான். மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். திட்ட வேண்டாம். கம்பெனி சைலன்சரை எங்கே வைத்திருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள். பரணில் இருந்தால் பரவாயில்லை, பாதி விலைக்குப் புதுப்பேட்டையில் விற்றுவிட்டான் என்றால் அப்போது திட்டுங்கள், புதிதாக வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டும்.

ஆயில் மாற்றியதிலிருந்து கிளட்ச் வழுக்குகிறது. ஆர்.பி.எம். ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. மெக்கானிக் கிளட்ச் பிளேட் போச்சு என்கிறார்.
– கோவை வாசகர்

பிளேட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பழைய ஆயில் டப்பாவைத் தேடுங்கள். அதில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா? பைக்கில் கிளட்ச், இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. மைலேஜுக்காக வழுக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் அது பிளேட்டையும் வழுக்க வைக்கும். எனக்கு இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன், நான் நம்பிப் போன ஒரு பட்டறையில், விலை உயர்ந்த ஆயில் என்று பெருமையாக ஊற்றினார்கள். மறுநாள் நண்பர்கள் முன்னால் கிளம்பினேன், இன்ஜின் மட்டும் கத்தியது, பக்கத்தில் ஒரு மொபெட் என்னைத் தாண்டிப் போனது. ஆயிலை வடித்துவிட்டு, சரியானதை ஊற்றி ஐந்தாறு நாள் ஓட்டியதில் எனக்குச் சரியாகிவிட்டது. உங்களுக்கும் ஆகாவிட்டால் பிளேட்டைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள், அதுவும் கண்ணால் பார்த்து அல்ல, வெர்னியர் வைத்து.

100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் வேகம் கூடுமா?
– சேலம் வாசகர்

ஸ்டாக் வண்டியில் பர்ஸ்தான் வேகமாகக் காலியாகும். கம்ப்ரஷனையோ இக்னிஷன் டைமிங்கையோ ஏற்றியிருந்தால் போடுங்கள்.

வண்டியை இரண்டு இஞ்ச் தாழ்த்தினேன், பார்க்க அட்டகாசம். ஆனால் நிறுத்தினால் வலது பக்கம் சாய்ந்து விழுகிறது.
– வேலூர் வாசகர்

சைடு ஸ்டாண்டை யாரும் தாழ்த்தவில்லையே! வண்டி இறங்கியதும் பழைய ஸ்டாண்ட் நீளமாகிவிட்டது, வண்டி நட்டுக்குத்தலாக நிற்கிறது. சின்ன ஸ்டாண்ட் போடலாம், ஆனால் அடுத்து உங்கள் ஊர் ஸ்பீடு பிரேக்கர் சைலன்சரைக் கேட்கும். பின் சஸ்பென்ஷன் லிங்க்கைப் பழையபடி மாட்டிவிடுங்கள்.

டிராக் ரேஸில் குறைந்த நேரத்தில் ஓடியவர் தோற்றுவிட்டார் என்று அறிவித்தார்கள். எப்படி சார்?
– மதுரை வாசகர்

கடிகாரம் பச்சை விளக்குக்கு ஓடத் தொடங்குவதில்லை, முன் சக்கரம் தொடக்கக் கோட்டிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் ஓடத் தொடங்குகிறது. பச்சை விழுந்து அரை வினாடி தூங்கிவிட்டுப் பிறகு பிரமாதமாக ஓடினால் உங்கள் நேரச் சீட்டு அழகாகத்தான் இருக்கும், எதிராளி அதற்குள் கோட்டைத் தாண்டியிருப்பார். ஜெயிப்பது முதலில் போய்ச் சேர்ந்தவர். பச்சைக்கு முன்னால் நகர்ந்தால் சிவப்பு விழும், ஆட்டம் முடிந்தது. அதனால் பழகியவர்கள் பச்சைக்காகக் காத்திருப்பதே இல்லை, அதற்கு முன் எரியும் கடைசி மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் கை கிளட்ச்சை விட்டுவிடும். மூளை சொல்லிக் கை கேட்பதற்குள் பச்சை வந்திருக்கும்.