எழுபத்தோராவது இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நானும் என் நண்பனும் சேர்ந்து இண்டி ராக்கின் தலைசிறந்த நூறு ஆல்பங்களுக்கு ஒரு பட்டியல் போட்டோம். பத்திரிகைகளிலும் இணையத்திலும் வந்த பட்டியல்களை ஒப்பிட்டு, சராசரி எடுத்து, எங்கள் ரசனையையும் கொஞ்சம் கலந்து செய்தது. முதலிடத்தில்தான் சண்டை வந்தது. நான் மை ப்ளடி வேலன்டைனின் ‘லவ்லெஸ்’ என்றேன். அவன் நியூட்ரல் மில்க் ஹோட்டலின் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ’ என்றான். வார்த்தை தடித்துவிட்டது, இப்போது பேசிக்கொள்வதில்லை. ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ இந்த வகையில் சேருமா என்பதிலும் தகராறு. ஹஸ்கர் டூவின் ‘ஜென் ஆர்கேட்’ முதல் பத்துக்குள் வரவேண்டும் என்பது அவன் கட்சி. ஒலிப்பதிவு தகரம்போல் இருப்பதால் நான் அதை 71-ல் வைத்தேன். நூறில் பதினோரு ஆல்பங்களை நாங்கள் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லாப் பட்டியலிலும் இருக்கின்றன, விடமுடியவில்லை. ஒரு ஆல்பத்தின் இடத்தைப் புறவயமாக முடிவுசெய்ய அளவுகோல் ஏதும் உண்டா? உங்கள் முதல் பத்து எவை?

க.

அன்புள்ள க.,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் வழக்கமாகப் பதில் போடுவதில்லை. உங்களுக்குப் போடுவதற்குக் காரணம் அந்த 71. சில வாரங்களாக நான் ‘ஜென் ஆர்கேட்’ பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அதைத் தகரம் என்று ஒருவர் எழுதுகிறார்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். ‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்தது பார்லஃபோனில். பார்லஃபோன் அன்று ஈ.எம்.ஐ. என்ற பெரிய கம்பெனியின் கிளை. இண்டி என்றால் பெரிய கம்பெனிகளைச் சாராதது. ஆகவே சேராது. “உணர்வால் அது இண்டிதான்” என்று இழுக்காதீர்கள். கம்பெனியை வைத்துப் பார்ப்பதும் அப்படி ஒன்றும் சுத்தமான கணக்கு இல்லை, தெரியும். பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி சார்ட் என்ற விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது, இசை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெரிய கம்பெனிகளின் வினியோகம் இல்லாமல் கடைக்கு வந்ததா என்று மட்டும்தான் பார்த்தார்கள். அந்த விதியின் தயவில் 80களின் கடைசியில் பாப் பாடகி கைலி மினோக்கும் அதில் ஏறினார். அவரையும் சேர்த்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள் அல்லவா, அப்புறம் இதை ஏன் பேசவேண்டும்.

‘லவ்லெஸ்’ஸா ‘ஏரோப்ளேன்’ஆ என்பதற்காக நட்பை முறித்துக்கொண்டது சுத்தப் பைத்தியக்காரத்தனம். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் 1999-ல் 90களின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது ‘லவ்லெஸ்’ முதலிடத்தில் இருந்தது. 2003-ல் திருத்திப் போட்டார்கள். அதில் ‘ஓகே கம்ப்யூட்டர்’ முதலிடம், ‘லவ்லெஸ்’ இரண்டாமிடம். உங்கள் நண்பரின் ‘ஏரோப்ளேன்’ 1998-ல் வந்தபோது அதே தளத்தில் வாங்கிய மதிப்பெண் பத்துக்கு 8.7. 2005-ல் மறுவெளியீடு வந்ததும் 10. பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்துக்கு 0.0 கொடுத்துவிட்டு, 2021-ல் அதை 6.0 என்று மாற்றினார்கள். ஆல்பங்களில் ஒரு ஸ்வரம்கூட இடம் மாறவில்லை. மாறியதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களும் வருஷமும்தான். தங்கள் தீர்ப்பைத் தாங்களே மாற்றி எழுதிக்கொண்டார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ரசனை என்றால் மாறத்தான் செய்யும். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நண்பரோடு மல்லுக்கு நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பதினொன்று விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கேட்காத ஆல்பத்தைச் சிறந்த நூறில் வைத்திருக்கிறீர்கள், அதையும் வெட்கமில்லாமல் எனக்கே எழுதுகிறீர்கள். அவை எவை என்று நீங்கள் சொல்லவில்லை. ஸ்லிண்ட்டின் ‘ஸ்பைடர்லேண்ட்’ அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். கைடட் பை வாய்சஸின் ‘பீ தௌஸண்ட்’டும் இருக்கலாம். ஓஹையோவில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் நாலு டிராக் ரெக்கார்டரில் பதிவுசெய்த 20 பாடல்கள், மொத்தம் 40 நிமிடம்கூட வராது. பட்டியலை ஒப்பிட்டுச் சராசரி போட்ட நேரத்தில் அதை எத்தனை முறை கேட்டு முடித்திருக்கலாம்!

சராசரி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ‘வில்லேஜ் வாய்ஸ்’ வாரப் பத்திரிகை ராபர்ட் கிறிஸ்ட்காவின் பொறுப்பில் ‘பாஸ் அண்ட் ஜாப்’ என்று ஆண்டுதோறும் விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. இருந்தவற்றில் யோக்கியமான வாக்கெடுப்பு அதுதான் என்பேன். ஒவ்வொருவரும் பத்து ஆல்பங்களுக்கு நூறு புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒன்றுக்கு அதிகபட்சம் 30, குறைந்தபட்சம் 5. இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்பது பேர் ஒரு ஆல்பத்தின்மேல் உயிரையே வைத்து 30, 30 என்று கொடுத்தால் 270. அறுபது பேர் “இதுவும் பரவாயில்லை” என்று கடைசியில் 5 புள்ளி போட்ட இன்னொரு ஆல்பத்துக்கு 300. இதில் யாரும் ஏமாற்றவில்லை, கூட்டலின் இயல்பே அப்படித்தான். லிஸ் ஃபேரின் ‘எக்ஸைல் இன் கைவில்’ 1993-ல் இந்த வாக்கெடுப்பிலேயே முதலிடம் பிடித்தது, ஆகவே கூட்டல் எப்போதும் தப்பாகத்தான் போகும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் செய்தது கூட்டலைக் கூட்டியது. பல பட்டியல்களின் சராசரியில் மேலே மிதந்து வருவது யாருக்கும் ஆட்சேபணை இல்லாத ஆல்பம். அதை யாராவது நேசித்தார்களா என்பது அந்த எண்ணில் தெரியாது.

சரி, ‘ஜென் ஆர்கேட்’டுக்கு வருகிறேன்.

அந்த இரட்டை ஆல்பத்தைப் பதிவுசெய்ய மூன்று பேருக்கு ஆனது சுமார் 45 மணி நேரம். இரண்டு பாடல்கள் போக மற்றதெல்லாம் முதல் டேக். மிக்ஸிங்கை ஒரே மூச்சில் 40 மணி நேரம் உட்கார்ந்து முடித்தார்கள். மொத்தச் செலவு 3,200 டாலர். நீங்கள் முதலிடம் கொடுத்த ‘லவ்லெஸ்’ 19 ஸ்டுடியோக்களில் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதை வெளியிட்ட கிரியேஷன் கம்பெனிக்கு அதனால் இரண்டரை லட்சம் பவுண்ட் செலவு என்று பேச்சு உண்டு, குழுவின் தலைவர் கெவின் ஷீல்ட்ஸ் அதை மறுக்கிறார். பாதியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஒலி நன்றாக இல்லை என்று ஒன்றைக் கீழே தள்ளுகிறவர் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவேண்டாமா?

இது பாதிதான். இன்னொரு பாதியை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் திரும்பத் திரும்பப் பேசுகிறேன். 1984 ஜூலையில் ‘ஜென் ஆர்கேட்’ வெளிவந்தபோது எஸ்.எஸ்.டி. கம்பெனி பயந்துகொண்டு அச்சிட்டது ஐயாயிரத்துக்குள். உடனே தீர்ந்துவிட்டது. பத்திரிகைகள் புகழ்கின்றன, குழு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது, கடையில் தட்டு இல்லை. பல மாதங்கள் இப்படி. பிறகு வந்த குறுந்தகடும் இன்று உங்கள் காதில் ஓடுவதும் பழைய பதிப்புதான். துலக்கி, ரீமாஸ்டர் செய்து, புத்தம்புதிதாக யாரும் கொண்டுவரவில்லை. பழைய பதிவுகளை மறுவெளியிடும் நுமெரோ குரூப் 2017-ல் இந்தக் குழுவின் ஆரம்பகாலப் பதிவுகளை அழகாகத் தொகுத்தபோதும் எஸ்.எஸ்.டி. வசம் இருக்கும் மாஸ்டர்கள், அதாவது மூலப்பதிவு டேப்புகள், அதில் வரவில்லை. ஆகவே நீங்கள் தகரம் என்று சொன்னதில் பாதி, டேப் யார் அலமாரியில் இருக்கிறது என்பதைப் பற்றிய செய்தி. அதற்குத் தண்டனையாக 71-ஆம் இடம்!

கிடைப்பதுதான் பட்டியலில் ஏறும். ரசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பிக் ஸ்டார் என்ற மெம்ஃபிஸ் குழுவின் முதல் ஆல்பம் 1972-ல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வினியோகம் கவிழ்ந்தது, கேட்க விரும்பியவன் கடைக்குப் போனால் இல்லை. பின்னாளில் ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற இன்னொரு குழு அந்தக் குழுவின் பாடகர் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதும் அளவுக்கு அது ஆராதிக்கப்பட்டது. ஆராதித்தவர்கள் பலர் இசைக்காரர்கள். எங்கேயோ தேடி எடுத்து, ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். ‘ஏரோப்ளேன்’ 8.7-லிருந்து 10-க்கு ஏறியதும் மறுவெளியீட்டின்போதுதான் என்பதைக் கவனியுங்கள். சிறிய மெர்ஜ் கம்பெனி அதைக் கைவிடாமல் கடையில் வைத்திருந்தது. அதைப் பாடிய ஜெஃப் மாங்கம் ஒதுங்கிப்போன வருஷங்களில் புதிதாக ஒவ்வொருவரும் அதைக் கேட்க முடிந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கட்சியை எனக்குப் பிடித்துக் கொடுத்தது ஒரு கேசட். மாணவனாக இருந்தபோது என்னுடன் தங்கியிருந்த ஒரு அண்ணன் வைத்திருந்தது. பிரதியின் பிரதியின் பிரதி; மேலட்டை கிடையாது, குழுவின் பெயர் அவருக்கே தெரியாது. மெதுவான கிட்டார், உடைந்துபோகிற மாதிரி உச்சத்தில் ஒரு ஆண் குரல், எல்லாம் ஒரு பெரிய காலி அறைக்குள் நடப்பதுபோல. அதைக் கேட்கும்போது அவர் பேசமாட்டார், நானும் பேசக்கூடாது. இரவல் கேட்டால் முறைப்பார். எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருந்த மனிதர், அந்தக் கேசட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. பெயரில்லாததை எந்த வரிசையில் எழுதுவது? வெகுகாலம் கழித்து ஒரு குறுந்தகட்டில் அதே குரல் வந்தபோதுதான் அது கேலக்ஸி 500 குழுவின் ‘ஆன் ஃபயர்’, 1989 என்று தெரிந்தது. அதற்குள் அண்ணன் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. இப்போதும் அந்த ஆல்பத்தில் குழுவின் பெயரைப் பார்த்தால் ஏதோ பின்னால் ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது.

அந்தக் குறுந்தகடு எப்படி என் கைக்கு வந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1991-ல் குழு உடைந்தது. அதே வருஷம் அவர்களுடைய ரஃப் டிரேட் கம்பெனி திவாலானது. வரவேண்டிய ராயல்டி போயிற்று, மாஸ்டர் டேப்புகள் திவால் ஏலத்துக்கு வந்தன. டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கியும் பேஸ் வாசித்த நவோமி யாங்கும் ஏலத்தில் அவற்றைத் தாங்களே வாங்கினார்கள். யோசித்துப் பாருங்கள், தன் பாட்டைத் தானே ஏலத்தில் எடுப்பது! அதனால்தான் 1996-ல் ரைக்கோடிஸ்க் கம்பெனியின் பெட்டித் தொகுப்பு வர முடிந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் அந்த டேப் எந்தக் கிட்டங்கியில் கிடந்திருக்குமோ, ‘ஆன் ஃபயர்’ எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது. அப்போதும் நீங்கள் சராசரி போட்டிருப்பீர்கள், நூறு இடமும் நிரம்பியிருக்கும், குறை ஒன்றும் தெரிந்திருக்காது.

இப்போதுதான் எல்லாமே கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, ஆனால் எதை அடுத்து ஓட்டுவது என்பதை இயந்திரம் முடிவுசெய்கிறது. கேலக்ஸி 500-இன் ‘ஸ்ட்ரேஞ்ச்’ தனிப்பாடலாக வந்ததே இல்லை. ஸ்பாட்டிஃபையில் திடீரென்று அவர்களுடைய மற்ற பாடல்களைத் தாண்டி மேலே போனது. ஏன் என்று க்ருகோவ்ஸ்கி விசாரித்ததில், ஒன்று முடிந்ததும் தானாக அடுத்ததை ஓட்டும் வசதி 2017-ல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது காரணம் என்று தெரிந்தது. அவர்களுடைய பாடல்களிலேயே மற்றவர்களின் பாட்டைப்போல அதிகம் ஒலிப்பது அது, அதனால் எதற்குப் பின்னாலும் உறுத்தாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேவ்மென்ட் என்ற குழுவுக்கும் இதே கதை. அவர்கள் ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, 1999-ல் ஒரு சிறு தட்டின் ஓரத்தில் போட்ட ‘ஹார்னெஸ் யுவர் ஹோப்ஸ்’தான் இன்று அதிகம் கேட்கப்படும் பேவ்மென்ட் பாடல். நல்ல பாட்டுதான், வரட்டும். ஆனால் உறுத்தாதது மேலே வருவது உங்கள் சராசரியில் நடக்கும் அதே காரியம். அந்தச் சராசரியைத்தான் புறவயமான அளவுகோல் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

நட்பு விஷயம் பாக்கி இருக்கிறது. மினிட்மென் குழு தங்கள் ஆல்பத்தைக் கிட்டத்தட்ட முடித்திருந்த நேரத்தில், அதே கம்பெனியில் இருந்த ஹஸ்கர் டூ நண்பர்கள் இரட்டை ஆல்பம் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டார்கள். பட்டியல் போட்டா சண்டை பிடித்தார்கள்? உட்கார்ந்து இன்னும் பாடல்கள் எழுதி, தாங்களும் இரட்டை ஆல்பமாக்கி, உள்ளட்டையில் “இந்தா வாங்கிக்கோ, ஹஸ்கர்களே” என்ற அர்த்தத்தில் ஒரு வரி அச்சடித்தார்கள். அதுதான் ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்’. செலவு சுமார் 1,100 டாலர். ‘ஜென் ஆர்கேட்’டும் அதுவும் ஒரே ஜூலையில் வெளிவந்தன. மறு வருஷம் டிசம்பரில் மினிட்மென்னின் டி. பூன் வேன் விபத்தில் இறந்தார், வயது 27.

நண்பருக்கு இன்றே போன் செய்யுங்கள். ‘ஜென் ஆர்கேட்’ விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்பதை முதலில் சொல்லுங்கள், முதலிடத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். இரண்டு பேருமாக உட்கார்ந்து அதன் நாலாவது பக்கத்தைப் போடுங்கள். கடைசியில் வருவது வெறும் வாத்தியம், 14 நிமிடம் ஓடும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. அப்புறம் அந்தப் பதினொன்றையும் அடித்துவிட்டு, 89 என்று பட்டியலுக்குத் தலைப்புப் போடுங்கள்.

என் முதல் பத்தைக் கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். தந்தால் அதையும் சேர்த்துச் சராசரி போடுவீர்கள்.