பாலைவனத்து முற்ற வீடு எப்படிக் குளிர்கிறது? தஞ்சாவூர்ப் பக்கம் அப்படியே கட்டலாமா?

முற்றம் என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்த திறந்தவெளி. ஜெய்சல்மேர் போன்ற வறண்ட ஊர்களில், பகலில் வாங்கிய சூட்டைத் தரையும் சுவரும் இரவில் தெளிந்த வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது முற்றத்தில் இறங்கித் தங்கும். தடித்த சுவர்களின் நிழல் அந்தக் குளுமையை விடிந்த பிறகும் வெகுநேரம் காக்கும். நீர்த்தொட்டி வைத்தால் இன்னும் இதம்.

நம் டெல்டாவில் காற்றே ஈரம். ஐப்பசியில் கொடியில் போட்ட வேட்டி காயாத மாதிரி, தொட்டித் தண்ணீரும் சட்டென்று ஆவியாகாது, குளிர்ச்சியும் குறைவு. இங்கே காற்றோட்டம்தான் உயிர். அதனால்தான் பழைய வீடுகளில் திண்ணையில் நின்றால் முற்றம் தாண்டிக் கொல்லைக் கதவுவரை தெரியும். அந்த அமைப்பை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், முற்றத்தைக் கண்ணாடியால் மூடினாலும் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். மூடினால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியேறாது.