நூற்பு இயந்திரத்தில் டிராவலர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது?

ஹட்டனில் மெக்கானிக் வேலை பழகும் ஒரு தம்பியின் கேள்வி: நூற்பாலையில் டிராவலரை அடிக்கடி மாற்றுகிறார்களே, இன்னும் கடினமான எஃகில் செய்தால் தீராதா?

டிராவலர் என்பது ஒரு பக்கம் திறந்த குட்டி எஃகு வளையம். ரிங் என்னும் பெரிய வளையத்தின் விளிம்பில் அதைக் கொளுவியிருப்பார்கள். நூல்தான் அதை இழுத்துச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போதுதான் நூலுக்கு முறுக்கு ஏறுகிறது.

வேகத்தைக் கணக்குப் பாருங்கள். ரிங் 40 மில்லிமீற்றர் விட்டம், நூல் சுற்றப்படும் தண்டான ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால், டிராவலர் மணிக்கு சுமார் 135 கிலோமீற்றர் வேகத்தில் உரசிக்கொண்டே ஓடுகிறது. பேரிங் கிடையாது, எண்ணெயும் பெரும்பாலும் கிடையாது. பருத்தி இழைகள் நசுங்கிப் படியும் மெல்லிய படலம்தான் வழுவழுப்பு தருகிறது. றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் லொறியின் டிரம் சூடேறுவது போலத்தான் இதுவும். ஆனால் லொறி டிரம் கனமானது, சூட்டைத் தாங்கும். டிராவலரோ சில பத்து மில்லிகிராம்தான், சூடு போக வழியில்லை.

அதனால் முன்னேற்றம் எல்லாம் இந்தச் சூட்டைச் சுற்றியே நடக்கிறது. ரிங்கோடு படும் பரப்பை அகலமாக்கினால் சூடு ரிங்குக்குள் இறங்கும். மேல்பூச்சு உரசலைக் குறைக்கும். தேய்ந்த டிராவலரில் நூல் ஓடிய தடம் சிறு வெட்டாகத் தெரியும். அப்புறம் நூல் பிசிறடிக்கும், அடிக்கடி அறும்.

'கடினமாக இருந்தால் நல்லது' என்பது தவறு: விலை கூடிய ரிங் தேயாமல் இருக்கத்தான் டிராவலரை அதைவிட மென்மையாகவே செய்கிறார்கள்.