பரணில் கிடைத்த கண்ட்ரோல் லைன் விமானத்தைத் திரும்பப் பறக்கவிட முடியுமா?

கேள்வி: அப்பா கல்லூரி நாளில் செய்த கண்ட்ரோல் லைன் மாடல் விமானம் ஒன்று பரணில் கிடைத்தது. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, இறக்கைத் துணி கிழிந்திருக்கிறது. புது ஃபிலிம் ஒட்டி மின்மோட்டார் வைத்துப் பறக்கவிடலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

பறக்கவிடலாம். நான் செய்திருக்கிறேன். ஆனால் ஃபிலிமை, அதாவது இறக்கையின்மேல் ஒட்டும் பிளாஸ்டிக் உறையை, இப்போதே வாங்காதீர்கள். முதலில் இறக்கையின் நடுப்பகுதியைத் திறந்து, உள்ளே பெல்கிராங்க் (கம்பிகள் மாட்டியிருக்கும் தகடு) எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என்னுடையது மாமா 1974-இல் செய்தது. திருச்சியில் கல்லூரியில் படித்தபோது அவர் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தார். கேடட்டுகளுக்கு மாடல் விமானப் பயிற்சியும் உண்டு. கல்கத்தாவிலிருந்து வந்த 2.5 சிசி டீசல் எஞ்சின் ஒன்று கையில் கிடைக்க, அதற்கேற்ற விமானத்தை விடுமுறையில் வீட்டிலேயே செய்திருக்கிறார். பலகை போன்ற தட்டை உடம்பு, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த இறக்கை, அதன்மேல் பட்டுத் துணி ஒட்டி, துணியை விறைக்க வைக்கும் டோப் என்ற லாக்கர் பூச்சு. 2018-இல் பாட்டி வீட்டை இடிக்கப் போகும்போது பரணில் பழைய போர்வைக்குள் சுற்றியபடி அது எனக்குக் கிடைத்தது.

இந்த வகை விமானம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியோ எதுவும் கிடையாது. பறக்கவிடுபவர் வட்டத்தின் நடுவில் நிற்பார். அவர் கையில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து விமானத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். இறக்கைக்குள் பெல்கிராங்க் என்ற முக்கோணத் தகடு ஓர் அச்சில் சுழலும்படி இருக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு மற்றது தளரும், தகடு திரும்பும், அதோடு இணைந்த புஷ்ராடு என்ற தண்டு வாலிலுள்ள எலிவேட்டர் என்ற மடலை மேலோ கீழோ அசைக்கும். அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜிம் வாக்கர் 1940-இல் யூ-கண்ட்ரோல் என்ற பெயரில் இதைப் பரப்பினார். இரண்டு கைகளில் இரண்டும் தலையில் கட்டிய பிடியில் ஒன்றுமாக மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டுக் காட்டியவர் அவர்.

விமானம் வட்டமாகச் சுற்றுவதால் கம்பிகளை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவை முழுவதையும் தாங்குவது பெல்கிராங்கும் அது பொருத்தப்பட்ட சின்ன ஒட்டுப்பலகைத் துண்டும்தான். 15 மீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு 4.7 விநாடி என்று வையுங்கள். வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் வரும். 720 கிராம் எடையுள்ள என் விமானம் அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 2 கிலோ விசையோடு கையை இழுக்கும். காற்று திடீரென்று அடித்தாலோ கம்பி தளர்ந்து வெட்டி இழுத்தாலோ அது பல மடங்காகும். அதனால்தான் சாகசப் பறத்தல் போட்டிகளில் விமானத்தின் எடையைப் போல் 10 மடங்கு இழுத்துச் சோதித்த பிறகே பறக்க அனுமதிக்கிறார்கள்.

இந்தச் சோதனையை நான் வேலை ஆரம்பிக்கும் முன்பே செய்தேன். எலிவேட்டர் வழுவழுப்பாக அசைந்தது. தொட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. பழைய பேப்பர் கடையில் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை வாங்கி வந்து, கம்பி இரண்டையும் அதில் மாட்டி, உடம்பைத் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெதுவாக இழுத்தேன். முள் 5 கிலோவைத் தொட்டபோது இறக்கைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் ஒட்டுப்பலகை ஒரு பக்கம் பெயர்ந்து நின்றது. 44 வருடப் பரண் வெயிலில் பசை பொடியாகிப் போயிருந்தது. அதைவிட மோசமாக, பெல்கிராங்கில் மாட்டியிருந்த உருக்குக் கம்பியின் வளைவு மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. அலுமினியத் தகட்டின் துளை நீள்வட்டமாகிவிட்டது. புதுத் துணி ஒட்டி நேராக மைதானத்துக்குப் போயிருந்தால், 720 கிராம் எடை யார் மீது போய் விழுந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தேன். கட்டுப்பாட்டுப் பாகங்கள் அத்தனையும் புதிது. மாமா கையால் வெட்டிய தகடு என்ற பாசமெல்லாம் அங்கே கூடாது, அதைக் கழுவித் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். மற்ற எந்த மாற்றமும், நாளைக்கு யாராவது நினைத்தால் பழையபடி ஆக்கும் விதமாக இருக்க வேண்டும்.

பெல்கிராங்கைப் புதிதாக 75 மி.மீ. அளவில் செய்து, துளைகள் தேயாமலிருக்கப் பித்தளை புஷ் (சின்னக் குழாய்) போட்டேன். அச்சு போல்ட்டை 3 மி.மீ. ஒட்டுப்பலகையின் இரு பக்கமும் வாஷர் வைத்து இறுக்கி, பலகையை நடு ரிப்கள் (இறக்கையின் குறுக்குச் சட்டங்கள்) இரண்டோடும் ஸ்பாரோடும் (நீளவாட்டுச் சட்டம்) அரால்டைட் கொண்டு ஒட்டினேன். இறக்கை நுனி வழியாக வெளியே வரும் லீட் அவுட்டுக்கு ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக முறுக்கிய கேபிள். பிறகு மறுபடியும் தராசு. 7.5 கிலோ வரை இழுத்தேன், சத்தமில்லை.

திறந்த இடத்தில் ஒரு நல்ல விஷயமும் கிடைத்தது. எடைமையம் எங்கே வரவேண்டும் என்று மாமா ரிப்பில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். முன்விளிம்பிலிருந்து 4.5 செ.மீ., அதாவது 22 செ.மீ. அகல இறக்கையில் 20 சதவீதம். வரைபடம் தொலைந்துபோன விமானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? உங்கள் அப்பாவும் எங்காவது குறித்து வைத்திருப்பார். உப்புத்தாளை எடுக்கும் முன் நன்றாகத் தேடிப் பாருங்கள்.

அடுத்த பெரிய வேலை மூக்கு. மாடல் டீசல் எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சம பங்காகக் கலந்து ஊற்றுவார்கள். பிளக் கிடையாது, அழுத்தத்திலேயே ஈதர் பற்றிக்கொள்ளும். எரியாத விளக்கெண்ணெய் பின்னால் தெறித்து வருடக்கணக்கில் பால்சா மரத்துக்குள் இறங்கும். என் விமானத்தின் மூக்கு 4 செ.மீ. தூரம் பழுப்பேறி, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. முதலில் அப்படியே பசை ஊற்றி இறுக்கிப் பார்த்தேன். மறுநாள் தோல் உரிவதுபோல் கையோடு வந்துவிட்டது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. கொஞ்சமாக ஊறிய இடத்தில் தின்னரால் துடைத்து, சாக்பீஸ் பொடியை அப்பி வைத்து, பொடி எண்ணெயைக் குடித்ததும் தட்டிவிட்டுத் திரும்ப அப்பினேன். நான்கு நாளில் தேறியது. நன்றாக ஊறிய பகுதியை வெட்டி எறிவதுதான் வழி. நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, புது பால்சாவை அதே சாய்வில் ஒட்டி, இரு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகை வைத்து மூடினேன். எஞ்சினைத் தாங்கும் இரண்டு கட்டைகளும் கடினமரம் என்பதால் அவை தப்பித்தன. அவற்றின் நான்கு துளைகளையும் தொடவில்லை.

இறுகிய எஞ்சின் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. விளக்கெண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரி பிசினாகியிருக்கும், அவ்வளவுதான். புரொபெல்லரைப் பிடித்து முறுக்காதீர்கள், உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹேர் டிரையரால் கை பொறுக்காத சூடு வரும் வரை காட்டி, சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு, லேசாக அசைத்துப் பாருங்கள். எனக்கு மூன்றாவது முறை சூடாக்கியபோது தானாகச் சுழன்றது. அழுத்தமும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஈதர் வாங்குவதுதான் பாடு. கிடைத்தாலும் வீட்டில் வைத்திருக்கத் தகுந்த பொருள் இல்லை, சின்னப் பொறி போதும். சத்தம் வேறு. நான் பறக்கவிடும் பள்ளி மைதானத்தைச் சுற்றி வீடுகள். ஆகவே மின்மோட்டார்.

எஞ்சின் இருந்த நான்கு துளைகளிலேயே ஓர் அலுமினியத் தட்டைப் பொருத்தி, அதன் முன்னால் மோட்டாரை வைத்தேன். மரத்தில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. 3 செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 1500 எம்.ஏ.எச். கணக்கு இப்படி: சராசரி 150 வாட் என்று எடுத்தால் 5 நிமிடத்துக்கு 12.5 வாட்-மணி. பேட்டரியில் இருப்பது 16.6. அதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் இருந்தால் பேட்டரி நீடித்து உழைக்கும், இதில் 75 சதவீதம்தான் செலவாகிறது. ரேடியோ இல்லாததால் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் சின்ன டைமர் ஒன்று வேண்டும். பொத்தானை அழுத்தியதும் சில விநாடி காத்திருந்து, மோட்டாரை ஒரே வேகத்தில் ஓட்டி, குறித்த நேரத்தில் நிறுத்திவிடும். விமானத்திலிருந்து கைப்பிடிக்கு நடந்துபோகும் நேரத்தைக் கணக்கிட்டு அந்தக் காத்திருப்பை வையுங்கள்.

பழைய எஞ்சினின் தலையும் டாங்கும் வட்டத்துக்கு வெளிப்பக்கம் இருந்தன. பேட்டரியையும் அதே பக்கம் வைத்ததால் வெளி இறக்கை நுனியில் மாமா வைத்திருந்த ஈயத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே எடைமையத்தைப் பென்சில் கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மின்மோட்டாரில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. வழக்கமான புரொபெல்லர் சுழலும்போது அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கமாக, அதாவது நம்மை நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். எழும்பும் நேரத்தில் கம்பி தளர இதுவும் ஒரு காரணம். மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டு, எதிர்த்திசைப் புரொபெல்லர் மாட்டினால் அதே விசை விமானத்தை வெளியே சாய்த்துக் கம்பியை இறுக்கமாக வைக்கும். டீசலில் இவ்வளவு சுலபமாக முடியாது.

இறக்கை நுனியில் லீட் அவுட் வெளியேறும் இடத்தை முன்பின் நகர்த்தும் சின்ன வழிகாட்டி ஒன்றும் சேர்த்தேன். எடைமையத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. பின்னால் இருப்பது நல்லது. முன்னால் போய்விட்டால் மூக்கு உள்ளே திரும்பிக் கம்பி தளரும்.

இறக்கை ஒரு பக்கம் முறுக்கியிருந்தது. இட்லிப் பானை ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்தபடி ஆறவிட்டேன், இரண்டு முறையில் நேரானது. எலி கடித்த இரண்டு கட்டங்களுக்கு மட்டும் புதுப் பட்டு. பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. கிளியர் லாக்கரைத் தின்னர் விட்டு நீர்த்து, சில துளி விளக்கெண்ணெய் சேர்த்துப் பூசினால் பழைய டோப் போலவே விறைக்கும். எண்ணெய்த் துளி இல்லாவிட்டால் நாளாக ஆக இழுத்துக்கொண்டு இறக்கையை வளைத்துவிடும். உங்கள் துணி முழுவதும் கந்தலாகியிருந்தால் ஃபிலிம் போடுங்கள், தப்பில்லை. பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள்.

பறக்கவிடும் நாளில் மூன்றே விஷயம். அருகில் மின்கம்பி இருக்கும் மைதானத்துக்குப் போகவே கூடாது, கையில் இருப்பது எஃகுக் கம்பி. கைப்பிடியின் மேல் முனையை உங்கள் பக்கம் சாய்த்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும், இதை ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் பாருங்கள். கைப்பிடியை மணிக்கட்டோடு ஒரு வாரால் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் பறத்தலுக்கு மாமாவை அழைத்துப் போனேன். காலை ஆறரை மணி, இலை அசையவில்லை. நான் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் நடுவில் போய் நின்றார். இரண்டு சுற்று தாழ்வாக, மூன்றாவதில் தோள் உயரம், அப்புறம் ஐந்து நிமிடமும் ஒரே மட்டம். 63 வயதில், இத்தனை வருடம் கழித்து, தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவரை சுற்றாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "இழுவை நல்லா இருக்கு மாப்ள, கம்பி தளரவே இல்ல" என்றார்.

இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து விமானத்தின் மூக்கைத் துடைக்கப் போனார். துடைக்க எண்ணெய் இல்லை. "எஞ்சின வச்சிருக்கல்ல?" என்று கேட்டார். எண்ணெய் தடவி டப்பாவில் வைத்திருக்கிறேன் மாமா, நாலு போல்ட்தான் என்றேன்.

உங்கள் விமானத்தில் பெல்கிராங்க் பலகை எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.